திரைக்களமும் காலடி வரிசையும்: சண்டை ஆட்டங்களின் மரபுகளும் தொடக்கநிலைப் பயிற்சியின் அளவுகோல்களும்

பாளையம் என்னும் சொல் படை தங்கும் இடத்தைக் குறிப்பது. காலாட்கள் தோழ உடையார் மரபினர் ஆண்ட உடையார்பாளையம் அப்பொருளைத் தன் பெயரிலேயே தாங்கி நிற்கும் ஊர். அத்தகைய பாளையங்கள் நினைவூட்டும் படைக்கலப் பயிற்சியின் எச்சமாகத் தமிழ்நாட்டில் இன்றும் நிலைத்திருக்கும் சிலம்பம், காண்போரை மகிழ்விக்கும் அலங்கார வீச்சு என்றும், எதிராளியைத் தொட்டு வெல்லும் போர்ச் சிலம்பம் என்றும் இரு கூறுகளை உடையது. காலடி வரிசை நிலைபெறாதவர் கையில் கம்பு எத்துணை வேகமாகச் சுழன்றாலும், எதிரே ஒருவர் கம்போடு வந்து நிற்கும்போது அந்த வேகம் காப்பாற்றாது. வீடியோ கேம் எனப்படும் திரை விளையாட்டுகளுள் இருவர் நேருக்கு நேர் மோதும் சண்டை ஆட்டங்கள் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக வளர்த்துள்ள பயிற்சி மரபையும் இவ்வேறுபாட்டைத் துணையாகக் கொண்டு விளங்கிக்கொள்ளலாம்.

நான்கு மரபுகள்

இவ்வாட்டங்களுக்கு இலக்கணம் வகுத்தது, ஜப்பானின் கேப்காம் நிறுவனம் 1991-இல் வெளியிட்ட ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 ஆகும். குத்துக்கு மூன்று, உதைக்கு மூன்று என ஆறு பொத்தான்களும் ஒரு திசைக்கோலும் கொண்ட அந்த ஆட்டத்தில் திரையில் மோதும் வீரர்கள் தரையில் முன்னும் பின்னுமே நகர முடியும் என்பதால், எதிராளியின் அடி எட்டாத, ஆனால் தன் அடி எட்டக்கூடிய தொலைவைக் கணித்து நிற்பதே அம்மரபின் உயிர்நாடியாயிற்று. ஓர் அடி பட்ட அதிர்ச்சியிலிருந்து எதிராளி மீளுமுன் அடுத்த அடியைக் கோக்கும் காம்போ என்னும் அடித்தொடர், ஆக்கியோர் திட்டமிடாமலேயே அந்த ஆட்டத்தில் அமைந்து, பின்வந்த ஆட்டங்கள் பெரும்பாலானவற்றில் இன்றியமையாத உறுப்பாயிற்று.

இரண்டாவது மரபு, சேகா நிறுவனத்தின் விர்ச்சுவா ஃபைட்டர் 1993-இலும், நாம்கோ நிறுவனத்தின் டெக்கென் 1994-இலும் தொடங்கிவைத்த முப்பரிமாண மரபு. டெக்கெனில் இரு கைகளுக்கும் இரு கால்களுக்கும் ஒவ்வொரு பொத்தானாக நான்கே பொத்தான்கள் உண்டு. நேர்க்கோட்டில் வரும் அடிக்குப் பக்கவாட்டில் விலகிக்கொள்ளும் அசைவு பின்னர் இம்மரபின் தனி அடையாளமாயிற்று. மூன்றாவது, கில்டி கியர், மார்வெல் வெர்சஸ் கேப்காம் போன்ற ஆட்டங்களில் காணப்படும் வான்வழித் தாக்குதலும் நெடிய அடித்தொடர்களும் மிகுந்த விரைவு மரபு. நான்காவது, நின்டெண்டோவின் சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸ் 1999-இல் தொடங்கியது. எதிராளியின் எஞ்சிய உயிரைத் திரையில் காட்டும் உயிர்க்கோட்டைத் தேய்ப்பதற்கு மாறாக அவரை மேடையை விட்டே தள்ளுவதை இது வெற்றியாகக் கொள்கிறது.

இவற்றுள் எதைத் தேர்ந்தாலும், நெருங்கித் தாக்குவோர், தொலைவிலிருந்தே எதிராளியை அண்டவிடாது நிறுத்துவோர், பிடித்து எறிவோர் என ஆடும் முறையால் ஆட்டக்காரர் பல வகைப்படுவர். தொடக்கநிலையில் ஓர் ஆட்டம், அதில் ஒரே வீரர் என்று வரையறுத்துக்கொள்வதே முறை. நாளொரு வீரரை மாற்றிப் பழகுபவர், தம் தோல்விக்குக் காரணம் தம் கையா, தாம் தேர்ந்த வீரரா என்பதைப் பிரித்தறிய இயலாமல் தடுமாறுவர்.

காலக்கணக்கு

இவ்வாட்டங்களின் அடிப்படை அளவை பிரேம் என்பது. திரையில் ஒரு விநாடிக்கு 60 படங்கள் தோன்றி மறைவதால் ஒரு பிரேம் விநாடியில் அறுபதில் ஒரு பங்காகும். அடி ஒவ்வொன்றும் கிளம்பும் நேரம், தாக்கும் நேரம், பழைய நிலைக்கு மீளும் நேரம் என மூன்று பகுதிகளை உடையது. 2023-இல் வெளிவந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6-இல் மிக விரைவான குத்து 4 பிரேமில் எதிராளியை எட்டும். டெக்கெனில் சிறு குத்துக்கு 10 பிரேம் ஆகும். கண்ணால் கண்டு கை அசைவதற்கு மனிதருக்கு ஏறத்தாழ கால் விநாடி, அதாவது 15 பிரேம் அளவு தேவைப்படுவதால், அத்தகைய குத்தைக் கண்டபின் தடுப்பது எவருக்கும் இயலாது. எதைக் கண்டு தடுக்கலாம், எதை முன்னரே ஊகித்துத் தடுக்க வேண்டும் என்று பிரித்தறிவதிலிருந்தே பயிற்சி தொடங்குகிறது.

பயிற்சியின் வரிசை இக்கணக்கிலிருந்தே பிறக்கிறது. எதிராளி தாவி வரும்போது அரை விநாடிக்கும் மேலாகக் காற்றில் இருப்பதால், அவரைக் கண்டே அடித்து வீழ்த்தலாம். ஆகவே அதுவே முதற்பாடம். தாவியெழுந்து குத்தும் ஷோர்யூகென் போன்ற பேரடிகளுக்கு மீளும் நேரம் நெடிது என்பதால், அவற்றைத் தடுத்துவிட்டு உடனே திருப்பியடிப்பது இரண்டாம் பாடம். தடுப்பை எறிதல் வெல்லும், எறிதலை அடி வெல்லும், அடியைத் தடுப்பு வெல்லும் என்னும் முக்கோண உறவை உணர்ந்து, எப்போதும் தடுத்துக்கொண்டே இருப்பதும் எப்போதும் அடித்துக்கொண்டே இருப்பதும் ஒருங்கே பிழையாகும் என்று அறிவது மூன்றாம் பாடம். இவற்றுக்குப் பிறகே காம்போ பழக வேண்டும்; அதிலும் தவறாமல் வரக்கூடிய குறுகிய ஒன்றே போதுமானது. குழித்தறியில் அமரும் உடையார்பாளையத்து நெசவாளர், மிதிக்கும் காலும் நாடா எறியும் கையும் இசைந்த பின்னரே புட்டா, பேட்டு போன்ற வேலைப்பாடுகளைப் போடத் துணிவதை ஒத்தது இவ்வரிசை.

எனினும் தொடக்கநிலையினர் பலர் பயிற்சி அறையில் அசையாது நிற்கும் பொம்மை மீது நெடிய காம்போக்களை மணிக்கணக்கில் பழகி, மெய்யான ஆட்டத்தில் முதல் அடியையே தொடுக்க முடியாமல் தோற்கின்றனர். இது அலங்கார வீச்சைக் கற்றுக்கொண்டு போர்ச் சிலம்பக் களத்தில் இறங்குவதற்கு ஒப்பானது.

அரங்கும் சான்றுகளும்

இத்துறையின் தலையாய போட்டி, 1996-இல் கலிபோர்னியாவில் சிறு கூடுகையாகத் தொடங்கி 2002 முதல் ஈவோ என்று பெயர் பெற்றது. 2004 ஈவோவில் ஜப்பானின் டைகோ உமெஹாரா, ஓர் அடி பட்டாலே தோல்வி என்ற நிலையில், அமெரிக்காவின் ஜஸ்டின் வாங் தொடுத்த 15 அடிகளையும் நொடி தவறாது தட்டிவிட்டு வென்ற ஆட்டம் இத்துறையில் மிகுதியாகப் பேசப்படுவது. ஆயினும் அவ்வாண்டின் பட்டம் டைகோவுக்குக் கிட்டவில்லை. இறுதியாட்டத்தில் அவர் தோற்றார். பின்னாளில் அவர் எழுதிய நூலும் ஒருமுறை வெல்வதைவிடத் தொடர்ந்து வெல்வதையே பொருளாகக் கொண்டது.

2019-இல் லாகூரைச் சேர்ந்த அர்ஸ்லான் ஆஷ், டெக்கென் 7 ஆட்டத்தில் ஈவோ ஜப்பான், அமெரிக்க ஈவோ ஆகிய இரு பட்டங்களையும் ஒரே ஆண்டில் வென்று, பெருநிறுவனப் பின்புலமோ புகழ்பெற்ற அரங்கோ இல்லாத ஒரு நகரிலும் உள்ளூர்ப் பயிற்சிக் குழுவொன்று வலுவாக இருந்தால் உலகத் தரம் உருவாகும் என்பதை நிறுவினார். ‘நீ’ (Knee) என்னும் பெயரில் ஆடும் தென்கொரியாவின் முன்னணி ஆட்டக்காரர் அவ்வாண்டே பயிற்சிக்கெனப் பாகிஸ்தானுக்குச் சென்றதும் குறிப்பிடத்தக்கது. 2023-இல் ஹாங்சோவில் நடைபெற்ற ஆசிய விளையாட்டுப் போட்டியில் இ-ஸ்போர்ட்ஸ் எனப்படும் திரை விளையாட்டுப் போட்டி பதக்கப் பிரிவாக இடம்பெற்றபோது, இந்தியாவின் சார்பில் அயன் பிஸ்வாஸ், மயங்க் பிரஜாபதி ஆகியோர் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 5-இல் களமிறங்கினர். அப்பிரிவில் தங்கம் வென்ற தென்கொரியாவின் கிம் குவான்-வூவுக்கு அப்போது வயது 44. விரல் வேகம் இளமைக்கே உரியது என்னும் கருத்து அங்கே தளர்ந்தது. இத்துறைக்கு இந்தியாவில் ஏற்பும் கிட்டியுள்ளது: 2025-ஆம் ஆண்டின் இந்தியச் சட்டம் பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்களைத் தடைசெய்து, இ-ஸ்போர்ட்ஸைத் தனியே பிரித்து ஏற்றுள்ளது.

முன்னேற்றத்தின் அளவுகோல்

ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6 தன் ஆட்டக்காரர்களை ரூக்கி முதல் மாஸ்டர் வரை எட்டுப் படிகளில் வரிசைப்படுத்துகிறது. அப்படிநிலை எதிராளியைப் பொறுத்து ஏறியிறங்குவது என்பதால், தொடக்கநிலையினரின் வளர்ச்சிக்கு அது மட்டுமே அளவாகாது. ஆடி முடித்த ஆட்டத்தைத் திரையில் மீண்டும் ஓட்டிப் பார்த்து, உயிர்க்கோடு எந்த அடியால் மிகுதியாகக் குறைந்தது என்று கண்டறிந்து, அந்த ஒன்றுக்கு மட்டும் பயிற்சி அறையில் விடை தேடி, மறுநாள் அதே அடியைத் தடுக்க முடிந்ததா என்று பார்ப்பதே உறுதியான அளவு. ஈவோ போன்ற போட்டிகளும் முதல் தோல்வியில் எவரையும் வெளியேற்றுவதில்லை. இரண்டாம் முறை தோற்பவரே வெளியேறுகிறார்.

ஆகவே இவ்வாட்டங்களில் ஈடுபடும் இளையோரிடம், வென்றாயா என்று பெரியோர் கேட்பதைக் காட்டிலும், எந்த அடியில் வீழ்ந்தாய், அதற்கு இன்று என்ன விடை கண்டாய் என்று கேட்பதே அவர்களை வளர்க்கும்.