ஆல்வின் பால்ட்ராப் பார்த்த கரை

நியூயார்க்கின் லிட்டில் ஐலண்ட் பூங்கா எப்படி இருக்கும் என்று கேட்டால், அங்கே கால் வைக்காதவர்களும் சொல்லிவிடுவார்கள். ஹட்சன் ஆற்றுக்குள் தூண்களாக 132 கான்கிரீட் டியூலிப்கள், அவற்றின் தலைமேல் ஒரு பச்சைத் திட்டு. 2021இல் திறந்ததிலிருந்து வரும் படங்களில் பலவும் வானத்திலிருந்தோ ஆற்றிலிருந்தோ எடுத்தவை. அழகுக்குக் குறைவில்லை. ஆனால் பூங்காவைப் பூச்சாடியாக்கிவிடுகிற கோணம் அது. ஆட்கள் இருந்தாலும் ஒன்று, இல்லாவிட்டாலும் ஒன்று.

இதே கரையை 1975 முதல் 1986 வரை படமெடுத்தவர் ஆல்வின் பால்ட்ராப். பிராங்க்ஸில் பிறந்த கறுப்பினத்தவர், கடற்படையில் இருந்தவர், டாக்சி ஓட்டியவர். கப்பல் வரத்து நின்றுபோய், இரும்பு துருவேறி, பலகை உளுத்து, கிடங்குகள் ஆற்றில் சரிந்துகொண்டிருந்த காலம். ஊர் ஒதுக்கிய அந்த இடம்தான் தன்பாலீர்ப்பு ஆண்களுக்கும் வீடிழந்த இளைஞர்களுக்கும் போக்கிடம். டாக்சி வேலையை விட்டுவிட்டு, வீட்டுச் சாமான் ஏற்றி இறக்கும் வேன் ஒன்றை வைத்துக்கொண்டு, நாள்கணக்கில் அதிலேயே கிடந்து படமெடுத்தார். கிடங்குக் கூரையில் தொங்கிக்கொண்டு எடுத்ததும் உண்டு.

52ஆம் எண் கப்பல்துறையில் எடுத்த ஒரு படத்தைச் சொல்ல வேண்டும். சிற்பி கோர்டன் மட்டா-கிளார்க் 1975இல் யாரிடமும் அனுமதி கேட்காமல் அங்கிருந்த கிடங்கின் மேற்குச் சுவரைப் பிறைபோல அறுத்துத் திறந்தார். கலை வரலாற்றில் அது ‘டேஸ் எண்ட்’. மற்றவர் கேமராக்களில் அது சிற்பம். பால்ட்ராபின் படத்திலோ அந்தத் திறப்போடு இரண்டு ஆண்களும் இருக்கிறார்கள். சிற்பத்துக்கு ஆள் குடிவந்துவிட்டது!

அவருடைய கறுப்பு வெள்ளைப் படங்கள் பலவற்றில் மனித உருவம் மிகச் சிறியதுதான். முறுக்கிக் கிடக்கும் இரும்புச் சட்டங்களில் அலைகிற கண், வெயில் காய்கிற ஒரு உடம்பில் போய் முட்டி நிற்கும். அதன்பின் அந்த ஆளை விட்டு நகராது. பூங்காவின் டிரோன் படத்திலும் ஆள் சிறிதுதான், ஆனால் கண் அவனைத் தேடுவதில்லை. பால்ட்ராப் இடத்தைப் பூசி மெழுகவும் இல்லை. ஆற்றோரம் கிடந்த பிணங்களும் அவர் தொகுப்பில் உண்டு.

உயிரோடு இருந்தவரை காட்சிக்கூடங்கள் அவரைப் பெரிதாக மதிக்கவில்லை. 1998இல் சட்டம் இயற்றி அந்தக் கரையைப் பூங்காவாக்கினார்கள். 2004இல் பால்ட்ராப் இறந்தார். பிராங்க்ஸ் அருங்காட்சியகம் அவர் படங்களைப் பெரிய அளவில் காட்சிக்கு வைத்தது 2019இல். இன்று 52ஆம் துறை இருந்த இடத்தில், பழைய கிடங்கின் வடிவத்தை எஃகுக் கோடுகளாக மட்டும் நிறுத்தியிருக்கிறார் கலைஞர் டேவிட் ஹாமன்ஸ்.

நியூயார்க் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: பால்ட்ராபின் படங்களைப் பார்த்துவிட்டு அந்தக் கரைக்குப் போங்கள். டியூலிப்களைப் பிறகு எண்ணிக்கொள்ளலாம்.