சுண்டுகுச்சியின் பேச்சு

சென்னையின் தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் இசைக்குழுவின் முதல் ஆல்பமான ‘மகிழ்ச்சி’ பற்றி இதுவரை எழுதப்பட்டதில் முக்கால்வாசி ராப் பாடகர் அறிவின் வரிகளைப் பற்றியது. மீதியில் பெரும்பகுதி சினிமா இயக்குநர் பா. ரஞ்சித்தைப் பற்றியது. இசைவாணியின் குரலுக்கும் ஓரளவு நியாயம் கிடைத்திருக்கிறது. 2020இல் பிபிசியின் நூறு பெண்கள் பட்டியலில் பெயர் வந்த பிறகு அவரை யாரும் ஒதுக்கிவிட முடியாது. நந்தனின் பறையைப் பற்றி ஒரு முழுப் பத்தி எழுதியவரை மட்டும் நான் இன்னும் காணவில்லை. சரத்தின் சட்டிக்கும் கௌதமின் கட்ட மோளத்துக்கும் தரணியின் தோலக்குக்கும் அதே கதிதான். பாட்டைத் தூக்கி நிறுத்துவது இவர்கள். கட்டுரைகளில் ‘தாள வாத்தியங்களும் உண்டு’ என்ற அரை வரியோடு முடிந்துபோகிறார்கள்.

எனக்கு அந்த ஆல்பம் முதலில் பறை. மற்றதெல்லாம் பிறகு.

ராக் குழு உருவாகும் வழி நமக்குத் தெரியும். பள்ளிக்கூடத்துச் சிநேகிதர்கள் இருவர் கிட்டார் வாங்குவார்கள், மூன்றாமவன் பாடுவான், கடைசியில் டிரம்ஸ் அடிக்க ஆள் தேடி அலைவார்கள். சென்னையில் நடந்தது நேர் எதிர். 2017இன் கடைசியில் ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் தென்மாவின் மெட்ராஸ் இண்டி கலெக்டிவும் சேர்ந்து, வடசென்னைக் கானாக்காரர்களைத் தேடிப் போய்ப் பாடவைத்துக் கேட்டுப் பொறுக்கின. சாவு வீட்டிலும் தெருமுனையிலும் பாடிப் பழகிய தொண்டைகள், ஊர்வலத்தில் நடந்துகொண்டே அடித்துப் பழகிய கைகள். அவற்றுக்கு நடுவே சாஹிப் சிங்கின் கிட்டார் விருந்தாளியாக வந்து உட்கார்ந்தது. 19 பேர். அயோத்திதாச பண்டிதரின் ‘சாதிபேதமற்ற’ என்ற சொல்லிலிருந்து குழுவின் பெயர் வந்தது. 2018 ஜனவரி 6இல் கீழ்ப்பாக்கம் சி.எஸ்.ஐ. பெயின் பள்ளியில் முதல் மேடை.

தான் விருந்தாளி என்பதைக் கிட்டார் மறக்கவில்லை என்பதே இந்தக் குழுவின் அழகு. கானா ஆடுவது திஸ்ரத்தில், மூன்றின் நடையில். ராக்குக்குப் பழகிய கை நாலில் நிற்கும். இரண்டிலும் நாலிலும் ஸ்நேரைப் போட்டுத்தான் அதற்கு நிம்மதி. இந்த இரண்டு நடைகளையும் ஒரே பாட்டில் ஓடவிட்டால் பெரும்பாலும் தோல்தான் தோற்கும், டிரம் செட் அதை விழுங்கிவிடும். சினிமாவில் எத்தனையோ குத்துப்பாட்டில் இது நடந்திருக்கிறது: பறை அடிப்பவர் திரையில் தெரிவார், காதில் கேட்பது கணினிக்குள் இருந்து வந்த அடியாக இருக்கும். மனு கிருஷ்ணனின் டிரம்ஸை இதற்காகவே கவனித்துக் கேட்க வேண்டும். அவர் விட்டுக்கொடுக்கும் இடங்கள் அவர் அடிக்கும் இடங்களை விட முக்கியமானவை. கனத்த அடியைப் பறையும் மோளமும் பார்த்துக்கொள்ளும் என்று நம்பி ஒதுங்கி நிற்கிறார். ஒரு ராக் டிரம்மருக்கு இது சின்ன விஷயம் இல்லை.

அந்த இடைவெளியில்தான் சுண்டுகுச்சி பேசுகிறது. பறைக்கு இரண்டு குச்சிகள். அடிக்குச்சியின் வேலை எல்லோருக்கும் கேட்கும். நெஞ்சில் விழுவது அது. சுண்டுகுச்சி என்ற மெல்லிய நீளக் குச்சி தோலின் ஓரத்தைத் தொட்டு, அடிக்கும் அடிக்கும் நடுவே சிலிர்த்துக்கொண்டே இருக்கும். நல்ல கைக்காரர் யார் என்பதை அடிக்குச்சியை வைத்துச் சொல்ல முடியாது. பலம் இருந்தால் அது யாருக்கும் வரும். சுண்டுகுச்சி ஒரே சீராக ஓடாமல், பாடுபவர் மூச்சு விடும்போது கொஞ்சம் முன்னே வந்து, அவர் வாய் திறந்ததும் பின்னே போக வேண்டும். ‘வடசென்னை’யை ஒருமுறை வரிகளை மறந்துவிட்டுக் கேளுங்கள். ‘கோட்டா’வையும் அப்படியே. இட ஒதுக்கீட்டுக்கான வாதத்தை அறிவு சொல்லிக்கொண்டிருக்கும்போது கீழே நடப்பது வேறொரு வாதம்.

‘மகிழ்ச்சி’ வெறும் கோஷம், இசை இல்லை என்று சொல்லும் நண்பர்கள் எனக்கு உண்டு. தென்மாவும் கபேர் வாசுகியும் சேர்ந்திருந்த ‘குரங்கன்’ இதைவிடச் செம்மையானது என்பார்கள். குரங்கனை நானும் ரசிக்கிறவன்தான். வேறு சிலர் நம் இலங்கையைக் காட்டுவார்கள்: கொழும்பின் ஸ்டிக்மாட்டா 2003இலேயே ‘ஹாலோ ட்ரீம்ஸ்’ என்று முதல் ஆல்பம் போட்டுவிட்டது, கண்டியிலிருந்து பாரனாய்ட் எர்த்லிங் வந்தது, அவர்களுடைய கிட்டாருக்கு முன் இது எம்மாத்திரம் என்று. கிட்டாரை மட்டும் நிறுத்துப் பார்த்தால் அவர்கள் சொல்வது சரி. ஆனால் அந்த கிட்டார் கொழும்பிலிருந்து வந்ததா, பர்மிங்ஹாமிலிருந்து வந்ததா என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடியாது. ‘மகிழ்ச்சி’யை வேறெந்த ஊரிலும் செய்திருக்க முடியாது. ரசனையில் எனக்கு முதல் அளவுகோல் அதுதான்.

ஆல்பத்தில் எனக்கு ஒரு குறை உண்டு. மேடையில் பத்தொன்பது பேர் ஒருவர் சத்தத்தில் இன்னொருவர் நனைந்து நிற்கும்போது வரும் முரட்டுத்தனம் பதிவில் துடைக்கப்பட்டுவிட்டது. தோல் வாத்தியத்தைப் பதிவது லேசான வேலை இல்லை. ஒரு பறையின் சத்தம் எல்லா மைக்கிலும் புகும். அதைத் தடுக்கத் தனித்தனியாக அடிக்கவைத்தால் ஒருவரை ஒருவர் பார்த்து அடிக்கும் சூடு போய்விடும். கிளிக் சத்தத்தைக் காதில் மாட்டிவிட்டால் சுண்டுகுச்சிக்கு முன்னே பின்னே போக வழியில்லை. பிறகு கம்ப்ரஸர் வந்து அடியின் உச்சியை நசுக்கும். தோலின் சுருதி வேறு நிலையில்லாதது. கிட்டாரை முறுக்கிச் சுருதி சேர்ப்பது போல அதைச் சேர்க்க முடியாது, நெருப்பில் காய்ச்ச வேண்டும். குளிரூட்டிய ஸ்டூடியோவுக்குள் யார் வைக்கோல் கொளுத்த விடுவார்கள்?

காய்ச்சுவதைப் பற்றி என்னைப் போன்ற, இலங்கை மலையகத்து அக்கரப்பத்தனைக்காரனுக்குப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. டயகமப் பக்கமிருந்து பனி இறங்கினால் கால் மணி நேரத்தில் எங்கள் பறையான தப்பு தொய்ந்துவிடும். மாசியில், மன்மதன் எரிந்த கதையை ஆடும் காமன் கூத்துக்குக் கம்பம் ஊன்றிய நாளிலிருந்து எரிப்பு நாள் வரை களத்தின் ஓரத்தில் கவ்வாத்தில் வெட்டிய தேயிலைக் குச்சி எரிந்துகொண்டே இருக்கும். இரண்டு பேர் அடிக்க, மூன்றாமவர் தன் தப்பை அனலில் காட்டி விரலால் தட்டித் தட்டிப் பார்ப்பார். ணங்கென்று வரும்வரை கூத்துக்குள் வரமாட்டார். ரதியும் மதனும் காத்துக்கொண்டு நிற்பார்கள், அவர் அசையமாட்டார். அந்தப் பிடிவாதம் இருந்த காலத்தில் ஒவ்வொரு அடிக்கும் முகம் இருந்தது. கூத்துக்கு ஒன்று, சாவுக்கு ஒன்று, சாமி எழும்ப ஒன்று. விடியற்காலையில் பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் கூடும் இடத்துக்கு, ஆள் எழுப்பிய தப்பு இன்னொன்று, மலையகக் கவிஞர் சி.வி. வேலுப்பிள்ளை தன் ஆங்கிலக் கவிதையில் எழுதிவைத்தது அந்த ஒலியைத்தான்.

இப்போது பிளாஸ்டிக் தோல். காய்ச்ச வேண்டாம், நனைந்தாலும் கெடாது, எந்தக் குளிரிலும் ஒரே சத்தம். ஒரே சத்தம் என்பதுதான் அதன் சாபம். சுண்டுகுச்சி பட்டால் அதில் சிலிர்ப்பு இல்லை, கிளிக் என்ற ஓசை மட்டும். தேர்த் திருவிழாவுக்கு ஆளுயரப் பெட்டிகளை அடுக்கி, கீபோர்டில் ஒரு பொத்தானை அமுக்கித் தப்புச் சத்தம் எழுப்புகிறார்கள். அசல் தப்புக்காரர் அங்கேயே, அடுத்த லயத்தில், தோட்டத்து வரிசை வீட்டில் இருப்பார். அவரைச் சாவுக்கு மட்டும் கூப்பிடுவார்கள். ஏன் சாவுக்கு மட்டும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. தோட்டத்தில் பிறந்த எவருக்கும் அது தெரியும். சென்னையில் அதே சாதி இழிவைச் சுமந்த வாத்தியத்தை ஒரு ராக் குழு முன்வரிசைக்குக் கொண்டுவந்து, சாதியின் பெயரைச் சொல்லியே பாடியது. நம் பக்கத்துப் பையன்கள் தப்பின் பெயரைச் சொல்லவே கூசுகிறார்கள்.

இத்தனைக்கும் அந்தக் குழுவில் நம் இரத்தம் இருக்கிறது. அறிவின் பாட்டி வள்ளியம்மாளின் குடும்பம் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்தது. 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று எழுதியதே, அந்தக் கணக்கில் கடல் கடந்து போன குடும்பங்களுள் அதுவும் ஒன்று. 2021இல் அறிவின் பாட்டான ‘எஞ்சாயி எஞ்சாமி’ வந்தபோது இங்கே லயத்துக்கு லயம் அது ஒலித்தது. வள்ளியம்மாளை நம் ஊர்க் கிழவியாகவே எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். நானும் கேட்டேன், மகிழ்ந்தேன். ஆனாலும் அது வழவழவென்று இழைத்த பாட்டு. அறிவை முழுதாகக் கேட்க வேண்டுமானால் ‘மகிழ்ச்சி’க்குத்தான் போக வேண்டும். அங்கே அவர் சொல்லுக்கு எதிரே ஒரு தோல் நின்று பதில் சொல்கிறது.

லிந்துலையிலும் தலவாக்கலையிலும் கிட்டார் வைத்திருக்கும் பையன்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சொல்கிறேன்: குழு சேர்க்கும்போது டிரம் செட் வாங்கக் காசு சேர்க்காதீர்கள். உங்கள் தோட்டத்துத் தப்புக்கார அண்ணனை முதலில் கூப்பிடுங்கள், அவர் அடிக்கிற நடைக்குக் கிட்டாரைப் பழக்குங்கள். பதிவை ஸ்டூடியோவுக்குக் கொண்டுபோக வேண்டாம். மாசியில் காமன் திடலிலேயே இரண்டு நல்ல மைக்கை வைத்து, பக்கத்தில் நெருப்பும் வைத்துச் செய்யுங்கள். ஆல்பத்தின் அட்டையில் பாடகர் பெயருக்கு மேலே அவர் பெயரைப் போடுங்கள்.