எல்லா சிம்மும் எடுக்கும்!

2018 தீபாவளிக்கு ஒரு வாரம் முன்னால் என் தாய்மாமா மொட்டை மாடிப் படியில் வழுக்கி விழுந்து இடது மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். மழை என்றார் டாக்டர். படியில் பாசி, மூன்று மாதமாக ஆள் வைத்துத் தேய்க்கச் சொல்கிறேன் என்றார் மாமி. நான் கொஞ்சம் துருவிப் பார்த்ததில் எனக்குக் கிடைத்த காரணம் வேறு. பேண்ட் 3.

சொல்கிறேன். மாமாவுக்கு அப்போது வயது எழுபத்தாறு. கும்பகோணம் பக்கத்தில் பழைய வீடு. முக்கால் அடி கனத்துக்குச் சுவர். நியூஜெர்சியில் இருக்கும் மகள் அந்த வருஷம் மே மாதம் லீவில் வந்தபோது அப்பாவுக்கு ஒரு போன் வாங்கிவந்தாள். பார்க்க லட்சணமான போன். "அன்லாக்டுப்பா. எல்லா சிம்மும் எடுக்கும்" என்று சொல்லிக் கையில் கொடுத்துவிட்டு ஊருக்குப் போய்விட்டாள்.

அவள் சொன்னது பொய் இல்லை. சிம்மை எடுத்தது. நெட்டும் வந்தது, மொட்டை மாடியில். கூடத்தில் ஒற்றைக் கோடு. சமையலறைப் பக்கம் அதுவும் கிடையாது. ராத்திரி எட்டரைக்கு மகள் வீடியோவில் வருவாள், பேரனைக் காட்டுவாள். மாமா எட்டு இருபதுக்கே மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மாடி ஏறிவிடுவார். தூறல் போட்டால் ஒரு கையில் குடை.

இதில் அவருக்கு ஆறாத விஷயம் ஒன்று உண்டு. அடுத்த வீட்டுப் பையன், அதே கம்பெனி சிம், எட்டாயிரம் ரூபாய் போனில் திண்ணையில் சாய்ந்துகொண்டு சினிமா பார்ப்பான். மாமா கஸ்டமர் கேரில் சண்டை போட்டார். நம்பரை அப்படியே வைத்துக்கொண்டு வேறு கம்பெனிக்கு மாறினார். அங்கே பேச்சு வந்தது. நெட், மாடியிலும் போய்விட்டது. மாறினால் தொண்ணூறு நாள் திரும்ப முடியாதே, அதுவரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்துவிட்டுப் பழைய கம்பெனிக்கே வந்தார். மறுபடி மாடிப்படி. பிறகு ஐப்பசி மழை.

மாவுக்கட்டோடு உட்கார்ந்திருந்தவரைப் பார்க்கப் போனபோது அந்த போனை வாங்கி, செட்டிங்ஸில் கடைசியாக இருக்கும் 'அபவுட் போன்' வரை போய் மாடல் நம்பரை எடுத்தேன். அதைத் தயாரித்த கம்பெனியின் பக்கத்தில் போட்டுத் தேடினால் அமெரிக்காவுக்கென்று செய்த உருப்படி. 4ஜிக்கு அதில் இருந்தவை 2, 4, 5, 12, 17 என்ற ஐந்து பேண்டுகள். நம் நாட்டில் அப்போது 4ஜி ஓடியது பெரும்பாலும் 3, 5, 40 என்ற மூன்றில். சில இடங்களில் 1, 8, 41. இரண்டு பட்டியலுக்கும் பொதுவானது 5 ஒன்றுதான்.

பேண்ட் என்பது பெரிய ரகசியம் ஒன்றுமில்லை. காற்றில் எந்த அலைவரிசையில் பேச்சு போகிறது என்பதற்கு வைத்த எண். 3 என்றால் 1800 மெகாஹெர்ட்ஸ். 5 என்றால் 850. 40 என்றால் 2300. எஃப்.எம். இல்லாத ரேடியோவில் எத்தனை உசத்தியான பேட்டரி போட்டாலும் எஃப்.எம். வராது, இல்லையா? அவ்வளவுதான். மாமா வீட்டுக்குப் பின்னாலேயே கோபுரம் இருந்தது. அது 1800லும் 2300லும் கத்திக்கொண்டிருந்தது, மாமாவின் போனுக்கு அந்தக் காது இல்லை. தூரத்துக் கோபுரம் ஒன்றிலிருந்து 850 மட்டும் மெலிசாக வந்து மாடியில் விழுந்தது. இத்தனைக்கும் குறைந்த அலைவரிசைதான் தூரம் போகும், சுவரைத் துளைக்கும். 850 என்பதால்தான் அவ்வளவாவது வந்தது.

ஏன் இப்படி நாட்டுக்கு நாடு வேறு? ஒவ்வொரு நாட்டிலும் எந்த அலைவரிசை காலியாக இருந்ததோ, எதை ராணுவமும் டிவியும் பிடித்து வைத்திருந்ததோ, அதைப் பொறுத்தது. 1995 ஜூலை 31 அன்று கல்கத்தாவிலிருந்து ஜோதிபாசு டெல்லியில் இருந்த சுக்ராமிடம் பேசியது இந்தியாவின் முதல் செல்போன் அழைப்பு. அப்போது நாம் ஐரோப்பா வழியில் 900ஐ எடுத்துக்கொண்டோம், அப்புறம் 1800. அமெரிக்கா 850, 1900 என்று வேறு பக்கம் போயிற்று. அந்தக் காலத்தில் பெட்டி மேலேயே 'ட்ரை பேண்ட்', 'குவாட் பேண்ட்' என்று கொட்டை எழுத்தில் போடுவார்கள், ஞாபகமிருக்கிறதா? மூன்றோ நாலோ வைத்திருந்தவன் பெருமையாகச் சொன்னான். இன்றைக்கு 4ஜிக்கு மட்டுமே ஐம்பதுக்கு மேற்பட்ட பேண்டுகள் உண்டு. இப்போது சத்தமே இல்லை.

ஆகவே இந்த வாரம் விமர்சனத்துக்கு எடுத்துக்கொண்டிருப்பது சினிமா அல்ல, புத்தகமும் அல்ல. செல்போன் அட்டைப்பெட்டி.

பரணிலிருந்து ஆறு பெட்டிகளை இறக்கி, தூசு தட்டி, முழுசாகப் படித்தேன். கேமராவுக்கு எத்தனை கண், எத்தனை மெகாபிக்ஸல், ஸ்க்ரீன் எந்த சினிமா தரத்தில், சார்ஜர் எத்தனை வாட், எல்லாம் இருக்கிறது. பின்பக்கம் எம்.ஆர்.பி., தயாரித்த மாதம், விலாசம், 'நிகர அளவு: 1 எண்ணம்'. உள்ளே ஒரே ஒரு போன் இருக்கிறது என்பதைச் சட்டப்படி அச்சடித்திருக்கிறார்கள், சந்தோஷம். அலைவரிசை எண்? ஆறில் ஒன்றில்கூட இல்லை. '4ஜி', '5ஜி' என்று இரண்டு எழுத்துதான். ஹோட்டல் வாசலில் 'உணவு' என்று மட்டும் போர்டு வைத்த மாதிரி. சைவமா அசைவமா என்று உள்ளே போய் இலையைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியது.

கம்பெனிக்காரர்கள் பக்கத்தையும் பார்த்துவிடுவோம். ஒவ்வொரு பேண்டுக்கும் போனுக்குள் தனியாக வடிகட்டி வேண்டும், ஆன்டெனா அதற்குத் தோதாக அமைய வேண்டும், நாட்டுக்கு நாடு சோதனைச் செலவு வேறு. லட்சக்கணக்கில் செய்யும்போது ஒரு போனுக்கு ஒரு டாலர் மிச்சமென்றாலும் பெரிய தொகை. அமெரிக்காவில் விற்கப்போகும் போனில் இந்திய பேண்ட் எதற்கு என்று எடுத்துவிடுகிறார்கள். காஸ்ட் அக்கவுன்டிங் படித்தவன் என்ற முறையில் இதை நான் குறை சொல்லமாட்டேன். எடுங்கள் ஐயா, தாராளமாக எடுங்கள். எடுத்துவிட்டேன் என்று சொல்லிவிட்டு எடுங்கள். சொல்லாததோடு, எல்லாவற்றுக்கும் ஒரே பெயரையும் வைக்கிறீர்களே, அதுதான் இடிக்கிறது.

2012ல் வந்த ஐபோன் 5ஐ எடுத்துக்கொள்ளுங்கள். பெயர் ஒன்று, உருவம் ஒன்று. முதுகில் பொடி எழுத்தில் ஏ1428 என்று இருந்தால் 4ஜிக்கு 4, 17 என்ற பேண்டுகள். அதே ஜி.எஸ்.எம். வகையில் ஏ1429 என்று இருந்தால் 1, 3, 5. பக்கத்து ஸீட்டுக்காரர் போனும் உங்கள் போனும் இரட்டைப் பிள்ளைகள், ஆனால் ஒருவர் பேசும் பாஷை இன்னொருவருக்குத் தெரியாது. அந்த வருஷம் ஏப்ரலில் கொல்கத்தாவில் ஏர்டெல் ஆரம்பித்த 4ஜி ஓடியதோ பேண்ட் 40ல். இரண்டு பிள்ளைகளுக்கும் தெரியாத மூன்றாவது பாஷை. சாம்சங்கில் எண்ணோடு ஒட்டியிருக்கும் எழுத்தைப் பார்க்கவேண்டும். கேலக்ஸி எஸ்23ல் எஸ்911பி ஒரு ஜாதகம், எஸ்911யு அமெரிக்க ஜாதகம், எஸ்911என் கொரியா.

இதெல்லாம் வெளிநாட்டு போனுக்குத்தானே, நான் தி.நகரில் பில் போட்டு வாங்குகிறவன் என்று நிம்மதியாக இருக்கவேண்டாம். நம் ஊரில் 5ஜி சேவை ஆரம்பித்தது 2022 அக்டோபர் 1. 5ஜி போன்கள் விற்க ஆரம்பித்தது 2020லேயே. அந்தக் காலத்து 5ஜி போன்கள் சிலவற்றில் என்78 என்ற ஒற்றை பேண்டு மட்டும் வைத்து, '5ஜி'க்காகத் தனி விலையும் வாங்கிக்கொண்டார்கள். அப்புறம் பார்த்தால் ஜியோ 700 மெகாஹெர்ட்ஸையும் ஏலத்தில் எடுத்து வைத்திருக்கிறது. அதற்கு என்28 வேண்டும். சுவரைத் துளைத்து வீட்டுக்குள் வருவதும் அதுதான். ஐபோன்காரர்கள் கதை வேறு மாதிரி. பேண்டு எல்லாம் உள்ளே இருந்தும், சாஃப்ட்வேரில் கதவு திறக்க அந்த டிசம்பர் வரை காத்திருந்தார்கள்.

கதவு என்றதும் இன்னொன்று. பேண்டு பொருந்தினாலும் குரல் வராமல் போகலாம். 2016 செப்டம்பரில் வந்த ஜியோவில் ஆரம்பத்திலிருந்தே 2ஜியும் கிடையாது, 3ஜியும் கிடையாது. பேச்சும் 4ஜி வழியாகத்தான். வோல்டி என்கிற அந்த வசதி உங்கள் சிம் கம்பெனிக்கு வேலை செய்கிற மாதிரி போனில் இருக்கவேண்டும். இல்லையென்றால் நெட் ஓடும், ஹலோ கேட்காது.

சட்டம் என்ன சொல்கிறது? பி.காமில் வணிகச் சட்டத்தில் நான் எடுத்தது நாற்பத்தொன்று, அதனால் ஜாக்கிரதையாகவே சொல்கிறேன். 1930ஆம் வருஷத்துச் சரக்கு விற்பனைச் சட்டம், பிரிவு 16. வாங்குகிறவன்தான் கண்ணை விழித்துப் பார்த்து வாங்கவேண்டும் என்பது பொது விதி. ஆனால் 'இன்ன காரியத்துக்கு வேண்டும், உன் அனுபவத்தை நம்பித்தான் கேட்கிறேன்' என்று கடைக்காரரிடம் சொல்லி, அவரும் அந்தச் சரக்கை விற்பதே தொழிலாக உள்ளவர் என்றால், பொருள் அந்தக் காரியத்துக்கு உதவியாக வேண்டும். அப்பாடா என்று மூச்சு விடுவதற்குள் கீழே ஒரு வரி. குறிப்பிட்ட பொருளை வியாபாரப் பெயர் சொல்லி வாங்கினால் அந்த நிபந்தனை கிடையாது! 'இந்த கம்பெனி, இந்த மாடல் கொடுங்க' என்று கேட்கிறோமே, போச்சு. செல்போனை வேறு எப்படி சார் கேட்பது? 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் பொருளின் தரம், அளவு, வீரியம், தூய்மை, விலை பற்றித் தெரிந்துகொள்ளும் உரிமை இருக்கிறது. வீரியத்தில் பேண்டு அடங்குமா என்பதை வக்கீல்கள்தான் சொல்லவேண்டும். மாமாவுக்கு அந்த வழியும் இல்லை. பரிசாக வந்த போன். மகள் மேல் கேஸ் போட முடியுமா?

அரசாங்கம் நினைத்தால் ரொம்ப எளிது. ஸ்டார் ஹேஷ் 06 ஹேஷ் அடித்தால் பதினைந்து இலக்க ஐ.எம்.இ.ஐ. எண் வரும். கே.ஒய்.எம். என்று போட்டு, இடைவெளி விட்டு, அந்த எண்ணை 14422க்கு எஸ்.எம்.எஸ். அனுப்பினால் போன் ஒரிஜினலா, என்ன கம்பெனி, என்ன மாடல் என்று பதில் வருகிறது. மாடல் வரைக்கும் சொல்லத் தெரிந்தவர்களுக்கு அதற்குப் பக்கத்தில் நாலைந்து எண்களைச் சேர்த்துச் சொல்வது கம்ப சூத்திரமா? கதிர்வீச்சு அளவைக்கூட ஸ்டார் ஹேஷ் 07 ஹேஷில் காட்டுகிற போன்கள் உண்டு. பேண்டுக்கும் அப்படி ஒரு ஹேஷ் வைக்கலாமே.

அதுவரை நாமே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். போனின் பெயரை நம்பாதீர்கள். பெட்டி ஓரத்தில் பார்கோடு பக்கத்தில் இருக்கும் முழு மாடல் நம்பரைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அதைக் கம்பெனியின் சொந்தப் பக்கத்தில் தேடுங்கள். 4ஜிக்கு 3, 5, 8, 40. 5ஜிக்கு என்78, ஜியோ என்றால் கூடவே என்28. இவை இருக்கிறதா பாருங்கள். மெகாஹெர்ட்ஸ் கணக்கை மட்டும் வைத்துத் திருப்திப்படாதீர்கள். அமெரிக்கா 12 என்பதும் 700தான், நம் 28 என்பதும் 700தான், இரண்டும் ஒன்றல்ல. எண்தான் முக்கியம். உங்கள் பேட்டையில் எது ஓடுகிறது என்பது தெருவுக்குத் தெரு மாறும். பக்கத்து வீட்டில் நன்றாக எடுக்கிற போனைக் கடன் வாங்கிப் பார்ப்பதைவிடச் சிறந்த ஆராய்ச்சி கிடையாது.

இதை எழுதுவதற்காக ரிச்சி தெருவில் ஒரு கடையில் ஏறினேன். இறக்குமதி சரக்கு ஒன்றைக் கையில் எடுத்து, "இதுல என்னென்ன பேண்ட் இருக்கு தம்பி?" என்றேன். பையன் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "பேண்ட்டா? துணிக்கடை அந்தாண்ட சார்" என்றான். விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டான். பிறகு போனைத் திருப்பித் துடைத்துக்கொண்டே சொன்னான்: "அதெல்லாம் யோசிக்காதீங்க சார். எல்லா சிம்மும் எடுக்கும்."

மாமாவுக்கு மணிக்கட்டு கூடிவிட்டது, மழைநாளில் வலிக்கும். அவருக்கு நான் கும்பகோணத்திலேயே பத்தாயிரத்துச் சொச்சத்துக்கு ஒரு போன் வாங்கிக் கொடுத்தேன், கூடத்தில் ஊஞ்சலில் உட்கார்ந்தபடியே பேரனோடு பேசுகிறார். போன மாதம் மகள் மறுபடி ஒரு ஐபோன் வாங்கியிருக்கிறாள். இந்தத் தடவை உஷாராக எனக்கு மாடல் நம்பரை முன்கூட்டியே அனுப்பினாள். பார்த்தேன். 3 இருக்கிறது, 40 இருக்கிறது, என்28, என்78 எல்லாம் இருக்கிறது. பேஷாக அனுப்பச் சொன்னேன். நேற்று ராத்திரி மாமா கூப்பிட்டார்.

"ஏண்டா, போனைத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டேன். சிம் போட ஓட்டையே காணுமே?"

2022ல் வந்த ஐபோன் 14லிருந்து அமெரிக்காவில் விற்கும் ஐபோன்களில் சிம் தட்டே கிடையாது, இ-சிம் மட்டும்தான் என்பதை அவருக்கு எப்படி விளக்குவது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.