இருவகை நடுக்கம்

முதியோர் கிராம வாழ்வைப் பேசும் ஆக்கங்களை வெறும் நனவிடை தோய்தலாகக் கொள்ளும் வழக்கம் விமர்சகரிடையே உண்டு. சங்கப் பாடல்கள் இரண்டினை ஒருங்குவைத்து நோக்குமிடத்து இவ்வழக்கம் மறுபரிசீலனைக்குரியதாகின்றது.

நக்கீரரின் நெடுநல்வாடை 188 அடிகளாலானது. அதன் தொடக்கத்தில் வருங் கூதிர்க்காலம் வெறும் அழகுக் காட்சியன்று. வெள்ளத்தினால் ஆநிரையை மேட்டுநிலத்திற்குப் பெயர்த்த கோவலர், தம் நிலம் பிரிந்த வருத்தத்தோடு தீக்காய்ந்து நடுங்குகின்றனர். கறவைகள் தம் கன்றையே உதைக்கின்றன. எனினும் அந்நடுக்கத்திற்கு மாற்றுண்டு. நெருப்புண்டு, அடைத்த கதவுண்டு, பருவமும் மாறும்.

தொடித்தலை விழுத்தண்டினாரின் பாடலில் (புறநானூறு 243) வரும் முதியவரும் நடுங்குகின்றார். அவர் நினைவிலுள்ள ஊர், மணற்பாவையும், நீர்மேற் சாய்ந்த மருதமரக் கிளையும், கரையிலுள்ளோர் வியக்கத் தாம் பாய்ந்த ஆழ்மடுவுமாகும். அன்று தண்ணீரின் குளிர்ச்சி அவரை நடுக்கவில்லை. இன்று வாடையின்றியே உடல் நடுங்குகின்றது. இதற்கு நெருப்பு மருந்தாகாது.

இப்பாடலைக் கையறுநிலைத் துறையில் அடக்கியமை மனங்கொள்ளத்தக்கது. இறந்த தலைவனுக்கு இரங்குவதே அத்துறையின் பெருவழக்கு. ஈண்டு இரங்கப்படுவதோ, உயிரோடிருக்கும் ஒருவரின் இளமை. எனவே முதியோர் ஊரைப் பேசுங்கால், ஊரை மட்டுமன்றித் தம்முள் மாய்ந்த ஒருவரையும் பேசுகின்றனர். அதனை ஏக்கமென ஒதுக்கும் விமர்சனம், இருமலுக்கிடையே வெளிப்படும் அச்சொற்களைச் செவிமடுக்கத் தவறிய விமர்சனமேயாகும்.