புரதம் கூடினால் இனம் உயர்ந்ததா?

கழுகுமலையில் கோழி வளர்க்கும் வீட்டைச் சேர்ந்த என் மாணவி ஒருத்தி ஓர் அட்டவணையைக் கொண்டு வந்தாள். இரு கலப்பினக் கோழிக்குஞ்சுகளின் இரத்தப் புரத அளவுகள் அதில் இருந்தன. "கூடுதலாக உள்ள இனத்தைத்தானே சார் வாங்க வேண்டும்?" என்றாள். யோசிக்காமல் ஆம் என்று சொல்லிவிட்டேன். வாசகர்களே, நான் சொன்னது தவறு. அந்த அட்டவணையும் குறையுடையதே.

மொத்தப் புரதத்தை எப்படி அளக்கிறார்கள்? காரம் கலந்த தாமிரக் கரைசலைக் குருதி நீரில் சேர்த்தால் ஊதா நிறம் தோன்றும். நிறத்தின் செறிவே அளவு. ஆனால் அந்த நிறம் கூட்டுத்தொகையை மட்டுமே சொல்லும். இரத்தக் குழாயில் நீரைத் தக்கவைக்கும் ஆல்புமின் எவ்வளவு, நோய் எதிர்ப்புப் பொருளை உள்ளடக்கிய குளோபுலின் எவ்வளவு என்று சொல்லாது. மின்புலத்தில் இவை வெவ்வேறு வேகத்தில் நகர்வதைக் கொண்டு, ஸ்வீடனின் டிசேலியஸ் 1937-லேயே இவற்றைப் பிரித்துக் காட்டினார். 1948-இல் நோபல் பரிசும் பெற்றார். அட்டவணையில் அந்தப் பிரிவினையே இல்லை.

இதைவிடப் பெரிய குறை வயது. பொரித்த குஞ்சின் உடலிலுள்ள எதிர்ப்புப் பொருள் அதனுடையதன்று. தாய்க்கோழி மஞ்சள் கருவில் வைத்து அனுப்பிய சீதனம். சில வாரங்களில் அது கரைந்துவிடும். குஞ்சு தானே தயாரிப்பது மெல்லத்தான் கூடும். அதற்கு வாலடியிலுள்ள பர்சா என்னும் சிறு பை வேண்டும் என்பதை அமெரிக்காவின் புரூஸ் கிளிக் 1950-களில் கண்டறிந்தார். ஆகவே மூன்றாம் நாள் இரத்தத்தில் எதிர்ப்புப் பொருள் மிகுந்திருந்தால், அது குஞ்சின் இனத்தைக் காட்டுகிறதா, தாய்க்குப் போட்ட தடுப்பூசியைக் காட்டுகிறதா? இரத்தம் எடுத்த நாளைக்கூட அட்டவணை குறிப்பிடவில்லை!

நம் கரிசல் வெயிலையும் மறக்கக் கூடாது. 100 மில்லி லிட்டர் குருதி நீரில் 3 கிராம் புரதம் இருப்பதாகக் கொள்வோம். பெட்டியில் அடைத்துக் கொண்டுவந்த குஞ்சு தாகத்தால் அந்த நீரில் பத்திலொரு பங்கை இழந்தால், கணக்கு 3.3 கிராம் ஆகிவிடும். வாடிய குஞ்சு சத்துள்ள குஞ்சாகிவிடுகிறது!

கோவில்பட்டி வேளாண் ஆராய்ச்சி நிலையம் 1901-இல் தொடங்கியது. அங்கே இரு பருத்தி ரகங்களை ஒப்பிட வேண்டுமானால், ஒரே நிலத்தில் ஒரே மழையில் அருகருகே விதைத்துப் பார்ப்பார்கள். குஞ்சுக்கு மட்டும் அந்த நியாயம் ஏன் இல்லை?

மறுநாள் மாணவியை அழைத்து இவ்வளவையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நூறு குஞ்சு வாங்கினால் எத்தனை பிழைக்கும் என்றுதான் சார் அம்மா கேட்கிறார்கள்" என்றாள். அட்டவணையை மறுபடியும் விரித்துப் பார்த்தோம். அதற்கென ஒரு பத்தியே அதில் இல்லை.