பூலாம்பட்டி படகுத்துறை

சேலம் மாவட்டத்துப் பூலாம்பட்டிக்கும் ஈரோடு மாவட்டத்து நெரிஞ்சிப்பேட்டைக்கும் இடையே காவிரியில் விசைப்படகுகள் ஓடுகின்றன. 1934இல் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணைக்குக் கீழே, மின் உற்பத்திக்காக எழுப்பப்பட்ட கதவணை இங்கே நீரைத் தேக்குகிறது. ஆகவே ஆறு இழுப்பு அடங்கி, அகன்று நிற்கிறது.

அக்கரைக்குப் பிழைப்புக்குப் போகிறவர்களும், அவர்களுடைய இருசக்கர வண்டிகளும், மேச்சேரி, எடப்பாடிப் பக்கமிருந்து வந்த குடும்பங்களும் ஒரே படகில் ஏறுவதுதான் இத்துறையின் அழகு. ஊருக்குப் பயன்படும் ஒன்றே உல்லாசமாகவும் அமைவது அரிது.

புரட்டாசி, ஐப்பசி இப்படகுப் பயணத்துக்கு ஏற்ற காலம். வெயில் தணிந்திருக்கும்; மழை கண்ட குன்றுகள் பச்சை பிடித்திருக்கும். குழந்தைகளை நடுவில் உட்காரவைத்துப் பெரியவர்கள் ஓரத்தில் அமர்வார்கள். மோட்டார் உறுமியதும் பலகை மெல்ல அதிரும். முகத்தில் சாரல் தெறிக்கும். கரை திரும்பியதும், மிளகாய்த்தூள் தடவிப் பொரித்த ஆற்று மீன் பசிக்குக் காத்திருக்கும்.

மேட்டூர் அணை 120 அடியை எட்டி உபரிநீர் பெருமளவில் திறக்கப்பட்டால் ஆறு வேகமெடுக்கும். அப்போது படகுகள் நிறுத்தப்படும். நீர்வரத்தை விசாரித்துக்கொண்டு கிளம்புவதே நல்லது.