கிள்ளியர் போரும் புறநானூற்று அடிக்குறிப்பும்

சிதம்பரத்திற்குக் கிழக்கே, பிச்சாவரத்தை அடுத்து, கடற்கரைப் பகுதியில் அமைந்துள்ள ஊர் கிள்ளை. இப்பெயரைக் கேட்ட அளவிலே சங்ககாலச் சோழர் தாங்கிய ‘கிள்ளி’ என்னும் பெயர் நினைவுக்கு வருதல் இயல்பே. ஆயின், கிள்ளை என்பது கிளியைக் குறிக்கும் சொல்லாகத் தமிழில் பெருவழக்கிற்று. பாட்டோ கல்வெட்டோ துணை நில்லாதவழி, ஒலி ஒப்புமை ஒன்றே கொண்டு ஊரையும் அரசரையும் இணைத்தல் பொருந்தாது. பெயரொப்புமை ஆராய்ச்சிக்குத் தூண்டுகோலாகலாம், முடிபிற்குச் சான்றாகாது. ஊர்ப்பெயரில் நாம் காட்டும் இவ்விழிப்பினைக் கிள்ளியர்தம் வரலாற்றிலும் காட்டுகின்றோமா என்பதே ஈண்டு எழும் வினா.

சோழன் நலங்கிள்ளிக்கும் நெடுங்கிள்ளிக்கும் நிகழ்ந்த உட்பகை பலரும் அறிந்தது. நலங்கிள்ளி ஆவூரை முற்றினான். நெடுங்கிள்ளி கதவடைத்து உள்ளிருந்தான். பின்னர் உறையூரும் முற்றுகைக்கு உள்ளாயிற்று. கோவூர் கிழார் இடைநின்று இருவர்க்கும் அறிவுரை கூறிப் போரை நிறுத்தினார். இறுதியில் நெடுங்கிள்ளி காரியாறு என்னுமிடத்துப் போரில் மடிந்தான். பாடநூல்களிலும் மேடைகளிலும் பெரும்பாலும் இவ்வண்ணமே இக்கதை வழங்குகின்றது. இதற்கு மூலமாவன புறநானூற்றின் 44, 45, 47 ஆம் பாட்டுகள். இவற்றைப் பயில்வார் முதற்கண் நோக்கத்தக்கது ஒன்றுண்டு. இம் மூன்று பாட்டுகளின் அடிகளில் நலங்கிள்ளி என்ற பெயரும் இல்லை. நெடுங்கிள்ளி என்ற பெயரும் இல்லை. ஆவூரும் உறையூரும் இல்லை. அவையனைத்தும் பாட்டின் இறுதியில் திணை துறைகளோடு சேர்த்து எழுதப்பட்ட அடிக்குறிப்பினால் மட்டுமே பெறப்படுகின்றன.

பாட்டு தானே கூறுவது யாது, குறிப்பு கூறுவது யாது, பிற்கால வரலாற்றாசிரியர் சேர்த்தது யாது என மூவகையாகப் பிரித்துக் காண்போம்.

44 ஆம் பாட்டு, அடைபட்ட ஊரின் அவலத்தைக் காட்டுகின்றது. குளத்தில் படியாமலும் நெய் மிதித்த கவளம் பெறாமலும் யானைகள் நிலத்திற் கைபுரள வெய்துயிர்த்து முழங்குகின்றன. பாலின்றிக் குழவிகள் அலறுகின்றன. பூவின்றி மகளிர் வறுந்தலையை முடிக்கின்றனர். நீரற்ற மனைகளில் அழுகுரல் எழுகின்றது. இதனிடையே இனிதிருத்தல் கொடிது என்கிறார் புலவர். அறமுடையை ஆயின் உனதென்று கூறிக் கதவைத் திற. மறமுடையை ஆயின் போரிடத் திற. இரண்டும் இன்றி மதிலின் ஒருபால் ஒடுங்குதல் நாணத்தக்கது என்பது அவர் உரை. மதிலுள் ஒரு வேந்தன் அடைபட்டிருந்தான் என்பதைப் பாட்டே நிறுவுகின்றது. அவன் சோழன் என்பதற்கோ, புறத்தே முற்றியவன் அவன் குடியினன் என்பதற்கோ பாட்டினுள் சான்றில்லை.

45 ஆம் பாட்டின் நிலை வேறு. உன்னை எதிர்ப்பவன் பனந்தோடு சூடியவன் அல்லன், வேப்பந்தார் அணிந்தவனும் அல்லன், உன் கண்ணியும் ஆத்தி, அவன் கண்ணியும் ஆத்தி என்று தொடங்குகின்றார் புலவர். பனை சேரர்க்கும் வேம்பு பாண்டியர்க்கும் ஆத்தி சோழர்க்கும் உரியன ஆகலின், போரிடுவோர் இருவரும் சோழரே என்பது அகச்சான்றால் தெளிவாகின்றது. யார் தோற்பினும் தோற்பது உங்கள் குடியே. இருவரும் வெல்லுதல் இயற்கையில் இல்லை. இப்பகை உங்களையொத்த பிற வேந்தர்க்கே உவகை தரும் என்பது அவர் முடிபு. உட்பகைக்கு ஐயமற்ற சான்று இப்பாட்டே.

47 ஆம் பாட்டு, பரிசில் பெற்றுச் சுற்றத்தை ஊட்டி வாழும் புலவர் பிறர்க்குத் தீங்கு எண்ணாதவர் என்றும், அரசரை ஒத்த தலைமை அவர்க்கும் உண்டென்றும் மொழிகின்றது. நலங்கிள்ளியிடமிருந்து உறையூர் புகுந்த இளந்தத்தன் என்னும் புலவனை நெடுங்கிள்ளி ஒற்றன் எனக் கருதிக் கொல்லப் புகுந்தபோது கோவூர் கிழார் பாடி அவனை உய்வித்தார் என்பது அடிக்குறிப்பு. இக்குறிப்பின்றிப் பாட்டைப் படிப்பார்க்கு இதனைப் புலவர் வாழ்வின் பொதுப் புகழ்ச்சியெனக் கொள்ளவும் இடமுண்டு.

இனி, அடிக்குறிப்புகளைத் தள்ளிவிடலாமோ எனின், தள்ளுதல் தகாது. பாட்டின் சொற்களைக் கொண்டே ஒருவர் குறிப்புப் புனைந்திருப்பின், பாட்டில் உள்ளவற்றையே விரித்திருப்பார். ஆவூர், காரியாறு, இளந்தத்தன் என்னும் பெயர்களை இப்பாட்டுகளிலிருந்து எவரும் ஊகித்துப் பெறுதல் இயலாது. ஆகலின் குறிப்பெழுதியவர் முன்னரே வழங்கிய ஒரு மரபைப் பேணினார் எனக் கொள்ளுதலே பொருத்தமாகும். ஆயினும் அது மரபின் சான்று. பாட்டின் சான்று அன்று. இரண்டையும் ஒரே எடையினவாகக் கொள்ளுதல் கூடாது என்பதே நம் கருத்து.

குறிப்பும் கூறாதன சில வரலாற்றில் இடம்பெற்றுவிட்டன. ஆவூர் முற்றுகை முன்னர், உறையூர் முற்றுகை பின்னர் என்னும் வைப்பு முறையைக் குறிப்பு உரைக்கவில்லை. அது தொகுப்பில் பாட்டுகள் நின்ற வரிசையைக் கால வரிசையாகக் கொண்டதன் விளைவு. கோவூர் கிழார் சொற்கேட்டுப் போர் நின்றது என்பதற்கும் குறிப்பில் இடமில்லை. அவர் பாடினார் என்பதே அங்குள்ளது. நலங்கிள்ளியும் நெடுங்கிள்ளியும் உடன்பிறந்தாரா, தாயத்தாரா என்பதும் கூறப்படவில்லை. நலங்கிள்ளியின் தம்பியென 43 ஆம் பாட்டின் குறிப்புச் சுட்டுவது மாவளத்தானையே.

காரியாற்றுச் செய்தியோ இன்னும் கருதத்தக்கது. குறிப்பு நெடுங்கிள்ளியைக் ‘காரியாற்றுத் துஞ்சிய’ என்னும் அடையால் வழங்குகின்றது. துஞ்சுதல் என்பது இறத்தலை மங்கலமாகக் கூறும் வழக்கு. குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவன் என்புழியும் அச்சொல்லே பயில்கின்றது. இறந்த இடம் இதனால் விளங்கும், இறந்தவாறு விளங்காது. நலங்கிள்ளியொடு பொருது வீழ்ந்தான் என்பது உரைப்போர் ஊகமே. மணிமேகலை காரியாற்றைச் சோழர் வெற்றி கொண்ட களமாகச் சுட்டுகின்றது. அவ்வொரு பெயர் கொண்டு இரண்டு நூற்செய்திகளையும் ஒரே நிகழ்ச்சியாக்குதல் கிள்ளையையும் கிள்ளியையும் இணைப்பது போன்றதேயாம்.

உ. வே. சாமிநாதையர் 1894 இல் புறநானூற்றைப் பதிப்பித்தபின், அதன்கண் உள்ள அரசர்களை வரிசைப்படுத்தும் ஆர்வம் மிகுந்தது. 1904 இல் வெளிவந்த கனகசபைப் பிள்ளையின் நூல் அம்முயற்சியில் முன்னோடி. பின்வந்த நீலகண்ட சாஸ்திரியார் இவ்வரசர்தம் உறவும் காலமும் உறுதிப்பட்டன அல்ல என எச்சரித்தார். அவ்வெச்சரிக்கையினும் அவ்வார்வமே பாடநூல்களில் மிகுதியும் பரவியது என்னலாம்.

நெடுங்காலம் கழித்து எழுதப்பட்ட ஏட்டினால் பழைய அரசர் பகையை அறியும் நிலை தமிழுக்கே உரியதன்று. கொரிய நாட்டின் பழைய அரசுகளான கோகுர்யோ, பெக்சே, சில்லா ஆகியவற்றின் வரலாற்றைத் தருவது கிம் பூசிக் தலைமையில் 1145 இல் முடிவுற்ற ‘சம்குக் சாகி’ என்னும் நூல். கோகுர்யோவை நிறுவிய சூமோங்கின் மூத்த மகன் யூரி வந்து உரிமை பெற்றதும், பிர்யூ, ஓன்சோ என்னும் உடன்பிறந்தார் தெற்கே சென்றனர் என்றும், ஓன்சோ கி.மு. 18 இல் பெக்சே அரசை நிறுவினான் என்றும் அந்நூல் கூறும். நிகழ்ச்சிக்கும் நூலுக்கும் இடையே ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு மேல் உள. எனினும் அந்நூலில் நாம் போற்றத்தக்கது ஒன்றுண்டு: நிறுவியவன் பிர்யூவே எனக் கூறும் மற்றொரு வழக்கினையும் அது மறையாது உடன் தருகின்றது. முரணிய இரு வழக்குகளை ஒன்றாகக் குழைத்து ஒரு கதையாக்கவில்லை. மேலும், கோகுர்யோவின் முதல்வன் பெயரைக் கி.பி. 414 இல் நாட்டப்பட்ட கல்வெட்டும் தாங்கியிருத்தலின், ஏட்டுமரபை ஓரளவு ஒத்துப்பார்க்க அங்கே வாய்ப்புண்டு. நம் நாட்டில் அதியமான் நெடுமான் அஞ்சிக்கு ஜம்பைக் கல்வெட்டும், சேரர்க்குப் புகழூர்க் கல்வெட்டுகளும் அவ்வாறு துணை நிற்கின்றன. கிள்ளியர் இருவர்க்கும் அத்தகைய துணை வாய்த்திலது. ஆகவே நாம் இன்னும் விழிப்புடன் இருத்தல் வேண்டும்.

இவ்வாறு கூறுவதனால் சோழர் உட்பகை பொய்யாகிவிடாது. 213 ஆம் பாட்டில் புல்லாற்றூர் எயிற்றியனார், போருக்கெழுந்த வேந்தனை நோக்கி, எதிர்வந்தோர் பிற குடி வேந்தர் அல்லர், உனக்குப்பின் அரசுரிமை பெறும் மக்களே என இடித்துரைக்கின்றார். தந்தை மக்கள் பகை அங்குப் பாட்டினுள்ளேயே உளது; வேந்தன் கோப்பெருஞ்சோழன் என்பதே குறிப்பின் உதவி. சோழர் குடிக்குரியோர் ஒன்பதின்மர் செங்குட்டுவன் முன் வீழ்ந்த செய்தியோ பதிற்றுப்பத்தின் ஐந்தாம் பதிகத்தில் வருவது. பதிகமும் அடிக்குறிப்பைப் போலப் பாட்டிற்குப் பிற்பட்டதே. சான்றுகள் இங்ஙனம் பல தரத்தன. அவற்றின் தரத்தைக் கூறிப் பயன்படுத்துவார்க்குக் கிள்ளியர் வரலாறு குறைபடுவதன்று, உறுதிப்படுவதேயாம்.

பட்ட மேற்படிப்பு மாணவர் ஆய்வேடுகளில் ‘புறநானூறு கூறுகிறது’ என்ற தொடர் பாட்டிற்கும் குறிப்பிற்கும் வேறுபாடின்றி வழங்குதலை நாம் அடிக்கடி காண்கின்றோம். ‘பாட்டுக் கூறுகிறது’, ‘அடிக்குறிப்புக் கூறுகிறது’ எனப் பிரித்தெழுதும் சிறு பழக்கமே பல பிழைகளைக் களையும். இலக்கியத் திறனாய்விற்கும் அதனால் ஊதியமுண்டு. பெயர்களை நீக்கி 45 ஆம் பாட்டைப் படித்துப் பார்க்க. நலங்கிள்ளி வென்றானா, நெடுங்கிள்ளி வென்றானா என்ற வினாவே அங்கு எழாது. வென்றவனும் தோற்ற குடியினனே என்பதன்றோ புலவர் கூற்று? வென்றவன் யாவன் என்று தேடி வரிசை அமைப்பார், அவர் வெறுத்த வினாவையே மீண்டும் எழுப்புவாராவர்.